சியாங் மாய்க்குத் தனியாக நான்கு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடதாய்லாந்தின் சியாங் மாய்க்கு மூன்று முறை தனியாகப் போய் வந்திருக்கிறேன். அதன்பின் உறவினர்கள், அலுவலகத் தோழிகள், அவர்களுடைய தம்பி தங்கைகள் என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே பதிலைப் பத்தாவது முறை சொல்லும்போது அலுப்புத் தட்டியது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கட்டணங்களை எல்லாம் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் இத்தனை ஊர் இருக்க, ஏன் சியாங் மாய்?

தனியாகப் போகிறவருக்கு அளவெடுத்துத் தைத்த ஊர் என்பதால். பாங்காக் பெரிய நகரம். முதல் இரண்டு நாள் எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று கற்பதிலேயே போய்விடும். கடற்கரை ஊர்களில் கூட்டமாக வந்தவர்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

சியாங் மாயின் பழைய நகரம் ஒரு சதுரம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். நான்கு பக்கமும் அகழி, அதில் இன்றும் தண்ணீர். வழி தவறினால் ஏதாவதொரு திசையில் நடந்துகொண்டே இருங்கள். அரை மணி நேரத்துக்குள் அகழி வந்துவிடும். 1296இல் மெங்ராய் மன்னர் லான்னா நாட்டுக்குத் தலைநகராக இதை எழுப்பினார். பெயருக்குப் பொருள் ‘புது நகரம்’. எழுநூறு ஆண்டு தாண்டியும் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

தாய்லாந்துக்குத் தனியாக என்றால் வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என்ன சொல்வது?

ஆண்களுக்கு ஒரு வகைச் சந்தேகம், பெண்களுக்கு வேறு வகை. நான் பெண் என்பதால் எனக்குக் கிடைத்தது ‘கூட யாரும் வரவில்லையா?’ என்ற கேள்வி. அம்மாவிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கோயில்களின் படங்களைக் காட்டினேன், தங்குமிடத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன், தினமும் இரவு எட்டு மணிக்கு அழைக்கிறேன் என்றேன். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடும். அங்கே எட்டு என்றால் இங்கே ஆறரை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் முதல் நாளே விளக்கேற்றும் நேரத்தில் அழைத்துத் திட்டு வாங்கினேன்.

எத்தனை நாள் போதும்?

முழுதாக நான்கு நாள், ஐந்து இரவு இருந்தால் நிறைவு. மூன்று நாளிலும் முடியும். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் பாங்காக்கிலேயே இருந்துவிடுங்கள், பயணத்திலேயே பாதி போய்விடும்.

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் நான்கு நாளில் ஞாயிற்றுக்கிழமை மாலை இருக்க வேண்டும். அன்று பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தாபே வாசலிலிருந்து ராச்சதம்னோன் சாலை நெடுகிலும் வண்டிகளை நிறுத்திவிட்டு நடைச் சந்தை போடுகிறார்கள். வழியிலுள்ள கோயில் முற்றங்களெல்லாம் உணவுக் கடைகளாகிவிடும். சனிக்கிழமை மாலை இதேபோல ஒரு சந்தை அகழிக்குத் தெற்கே வுவா லாய் சாலையில் நடக்கும். அது வெள்ளிச் சாமான் செய்பவர்களின் தெரு. கூட்டம் சற்றுக் குறைவு, எனக்கு அதுதான் பிடித்தது. நைட் பஜார் எல்லா நாளும் உண்டு. அதற்காக நாள் பார்க்க வேண்டாம். பார்க்காமல் வந்தாலும் நட்டமில்லை.

எந்த மாதம் போகலாம்?

இந்தக் கேள்வியை மட்டும் யாரும் சரியாகக் கேட்பதில்லை. ‘எந்த மாதம் போகக்கூடாது?’ என்று கேளுங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை போகாதீர்கள். அறுவடை முடிந்த நிலங்களில் பயிர்த் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். மலைக்காடுகளிலும் தீ பிடிக்கிறது. எல்லை தாண்டியும் புகை வருகிறது. ஊரைச் சுற்றி மலை, காற்று அசைவதில்லை. கிண்ணத்துக்குள் புகை தேங்குவதுபோலத் தேங்கிவிடும். உலகத்திலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சில நாள் சியாங் மாய் முதலிடத்துக்கே வந்துவிடுகிறது. விமான டிக்கெட் மலிவு என்று என் இரண்டாவது பயணத்தை மார்ச்சில் வைத்துக்கொண்டேன். ஊருக்கு மேற்கே சுவர்போல நிற்கும் தோய் சுத்தேப் மலை, இருந்த நான்கு நாளும் கண்ணில் படவேயில்லை. தொண்டை எரிச்சல் ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரம் இருந்தது. மலிவு ஏன் மலிவாக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நவம்பர் முதல் ஜனவரி இறுதிவரை நல்ல காலம். காலையில் மெல்லிய குளிர், பகலில் இதமான வெயில். விலையும் அப்போதுதான் அதிகம். நவம்பரை ஒட்டி வரும் முழுநிலவில் யீ பெங் விழா. வானத்தில் காகித விளக்குகள் ஏறும் அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெருங்கூட்டமாக விளக்கு விடும் அந்த நிகழ்ச்சிகள் பலவும் கட்டணம் வாங்கி ஊருக்கு வெளியே நடத்தப்படுபவை. அகழிக் கரையிலும் பிங் ஆற்றங்கரையிலும் விளக்கு மிதக்கவிடுவதைப் பார்க்கக் காசு வேண்டாம்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், மலை பச்சையாக இருக்கும், அறை வாடகை குறையும். மூன்றாவது முறை நான் போனது ஆகஸ்டில்; எனக்குக் குறையொன்றுமில்லை. மழைக்காலத்தின் கடைசியில் மட்டும் ஆற்றங்கரையை ஒட்டித் தங்காதீர்கள். 2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு கரை உடைத்து நைட் பஜார் பகுதிவரை வெள்ளம் வந்தது.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். சங்கராந்தி என்ற சொல்தான். நம் சித்திரைப் பிறப்பும் அதை ஒட்டியே வருவதால் பலருக்கு ஆசை. அகழியைச் சுற்றி மூன்று நாள் நீர்ப்போர் நடக்கும். தனியாளுக்குக் கொண்டாட்டமா கொடுமையா என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது.

விசா?

2024 ஜூலை 15 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ள சுற்றுலாப் பயணிகளுக்கு 60 நாள் விசா விலக்கு என்று தாய்லாந்து அறிவித்தது. இத்தகைய சலுகைகள் அடிக்கடி மாறும். டிக்கெட் வாங்கும் அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குங்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் மூன்றையும் குடியேற்ற அதிகாரி கேட்கலாம். அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. அரசுத் தளத்தைப் போலவே வேடமிட்டுக் காசு கேட்கும் தளங்கள் உண்டு. பணம் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு மூன்றரை மணி நேரம். அங்கிருந்து சியாங் மாய்க்கு இன்னொரு விமானம், ஒன்றேகால் மணி நேரம். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்களுக்கு நேரடி விமானமே உண்டு, பாங்காக் பக்கம் போக வேண்டியதில்லை.

பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு: சுவர்ணபூமி, டோன் முவாங். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். முதல் பயணத்தில் நான் சுவர்ணபூமியில் இறங்கி, டோன் முவாங்கிலிருந்து புறப்படும் விமானத்துக்கு டிக்கெட் வைத்திருந்தேன். இடையில் இரண்டு மணி நேரம். யாரையும் குறை சொல்ல வழியில்லை, டிக்கெட்டில் தெளிவாக எழுதியிருந்தது. விமானம் போய்விட்டது. தனியாகப் போவதில் இது ஒரு வசதி: தவறு செய்தால் திட்ட ஆளில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி இரவு ரயில். பாங்காக்கின் குருங் தேப் அபிவத் மத்திய நிலையத்திலிருந்து மாலை 6.40க்கு ஒன்பதாம் எண் விரைவு ரயில் புறப்பட்டு, மறுநாள் காலை ஏழேகால் வாக்கில் சியாங் மாய் சேரும். இரண்டாம் வகுப்புப் படுக்கை சுமார் 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்). மேல் படுக்கை குறுகல். கீழ்ப் படுக்கைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும், சன்னலும் அதற்குத்தான். படுக்கைக்குத் திரை உண்டு, விரிப்பை ஊழியரே வந்து போட்டுக் கொடுப்பார். குளிர்சாதனம் கடுமை, சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும்போது ரயில் மலையேறிக்கொண்டிருக்கும். 1.3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குன் தான் சுரங்கத்தைத் தாண்டினால் சமவெளி. ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம்.

சுவர்ணபூமியிலிருந்து அந்த நிலையத்துக்கு வர, விமான நிலைய ரயிலில் மக்காசான் வரை வந்து, பக்கத்திலுள்ள பெட்சபுரி நிலையத்தில் மெட்ரோ பிடித்து, பாங் சூவில் இறங்குங்கள். டோன் முவாங்கிலிருந்து சிவப்புத் தட ரயில் நேரே அங்கே வந்து நிற்கும்.

ரயிலுக்கு முன் பாங்காக்கில் பகல் முழுதும் கிடைக்கிறதே, என்ன செய்வது?

பெட்டியை நிலையத்தில் வைத்துவிட்டு சீலோம் பகுதிக்குப் போய்வாருங்கள். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. உள்ளே நெரிசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் தேங்காயுமாக அவர்கள் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றேன்.

எங்கே தங்குவது?

அகழிக்குள். வேறு எங்கேயும் வேண்டாம். நிம்மான் பகுதி காப்பிக் கடைகளுக்கும் மடிக்கணினியோடு மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கும் உரியது; நான்கு நாள் ஆளுக்கு அங்கே என்ன வேலை? அகழிக்குள்ளும் கிழக்குப் பக்கம், தாபே வாசலுக்குப் பத்து நிமிட நடையில் பாருங்கள். பொது அறையில் ஒரு படுக்கை 250 முதல் 400 பாட். குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் தனியறை 700 முதல் 1,200. தனியறைக்கு இருவர் வாடகையையே ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கும். தனிப் பயணத்துக்கு ஊர் விதிக்கும் வரி என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

நடந்து. கால் ஓய்ந்தால் சிவப்பு வண்டி. பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட அந்தச் சிறு வண்டிக்கு சொங்தாவ் என்று பெயர். ‘இரண்டு வரிசை’ என்று பொருள். கை காட்டினால் நிற்கும். இடத்தைச் சொல்லுங்கள், ஓட்டுநர் தலையசைத்தால் ஏறுங்கள், இறங்கியபின் சன்னல் வழியாக 30 அல்லது 40 பாட் கொடுங்கள். ஏறுமுன் ‘எவ்வளவு?’ என்று கேட்டால் உங்களுக்குப் புதிது என்று தெரிந்துவிடும்; விலையும் ஏறிவிடும். கிராப், போல்ட் செயலிகளும் வேலை செய்கின்றன. விமான நிலையம் பழைய நகரத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான், டாக்சிக்கு 150 பாட் அளவில் ஆகும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

சாலையில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கம்தான். ஆனாலும் என் பதில், வேண்டாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதிலும் இருசக்கர வாகனத்துக்கானது, கையில் இல்லாவிட்டால் அகழி ஓரத்துப் போலீஸ் சோதனையில் அபராதம். அதைவிடப் பெரிது, விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். தனியாக இருப்பவர் கால் முறிந்து கிடந்தால் மருந்து வாங்கிவரக்கூட ஆளில்லை. எடுத்தே தீருவேன் என்றால் தலைக்கவசம் போடுங்கள். கடவுச்சீட்டை அடகாகக் கொடுக்காதீர்கள்.

தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிறதாமே, எதைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பியவர்கள் இரண்டாம் நாள் மாலை புத்தரைக் கண்டாலே கொட்டாவி விடுவார்கள். அகழிக்குள் மூன்று போதும்.

வாட் செடி லுவாங் முதல். ‘வாட்’ என்றால் கோயில், ‘செடி’ நம் சைத்தியம். பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டி முடித்த மாபெரும் செங்கல் கோபுரம். 1545 நிலநடுக்கத்தில் உச்சி சரிந்துவிட்டது. சரிந்ததைத் திரும்ப எழுப்பாமல் மொட்டையாகவே விட்டிருக்கிறார்கள். அது நல்ல முடிவு. இன்று பாங்காக்கின் அரண்மனைக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் 1468 முதல் ஏறக்குறைய எண்பது ஆண்டு இங்கேதான் இருந்தார். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயிலில் செங்கல் தணல்போல ஆகிவிடும். அதே வளாகத்தில் நகரத் தூண் இருக்கும் இந்தகின் மண்டபத்துக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. வாசலில் பலகை இருக்கிறது. நான் பலகையைப் படித்துவிட்டு அடுத்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்தது வாட் பிரா சிங், 1345இல் தொடங்கியது. பின்பக்கத்தில் விகான் லாய் காம் என்ற சிறு வழிபாட்டு மண்டபத்துக்குள் போங்கள். உள்ளே இருக்கும் சிகிங் புத்தர் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்தவர் என்பது மரபு. பாங்காக்கிலும் நகோன் சி தம்மராட்டிலும் உள்ளவர்கள் ‘எங்களிடம் இருப்பதுதான் அது’ என்கிறார்கள். வழக்கு தீர்ந்தபாடில்லை. நான் அங்கே அதிக நேரம் நின்றது சுவரோவியங்களுக்காக: இடுப்பில் பச்சை குத்திய ஆண்கள், கொண்டை போட்ட பெண்கள், வம்பு பேசும் கூட்டம். ஜாதகக் கதை என்று வரையத் தொடங்கி, அந்தக் காலத்து ஊர்க்காரர்களையே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வாட் சியாங் மான், ஊரிலேயே பழையது. யானைகள் முதுகில் தாங்கும் கோபுரம். காலை ஏழு மணிக்குப் போனால் நீங்களும் பெருக்குபவரும் மட்டும் இருப்பீர்கள்.

தோளும் முழங்காலும் மறையும் உடை, வாசலில் செருப்பைக் கழற்றுவது, புத்தரை நோக்கிக் காலை நீட்டாதது என்பதெல்லாம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது, நேரடியாகக் கையில் எதையும் கொடுக்கவும் கூடாது. அரச குடும்பத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்; சட்டம் கடுமையானது.

தோய் சுத்தேப்புக்குத் தனியாகப் போக முடியுமா?

முடியும், தனியாகப் போனால்தான் நல்லது. பழைய நகரத்திலிருந்து 15 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். விலங்குக் காட்சிச்சாலை அருகிலும் சியாங் மாய் பல்கலைக்கழக வாசலிலும் சிவப்பு வண்டிகள் நிற்கும். ஆள் நிறைந்ததும் கிளம்பும். ஒற்றை ஆளுக்கு எப்போதும் ஒரு இடம் கிடைத்துவிடும், குடும்பத்தோடு வந்தவர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

கதை இது: புத்தரின் எலும்புத் துண்டை வெள்ளை யானையின் முதுகில் வைத்து அவிழ்த்துவிட்டார்களாம். அது இந்த மலையேறி, மூன்று முறை பிளிறி, விழுந்து உயிர்விட்டது. அந்த இடத்தில் 1383இல் கோயில். நாகப் படிக்கட்டில் முந்நூறு படிக்கு மேல்; முடியாதவர்களுக்கு இழுவைப் பெட்டி உண்டு. மலைச்சாலையை அரசு போடவில்லை. குருபா சிவிச்சாய் என்ற பிக்கு அழைக்க, ஊர் ஊராக மக்கள் மண்வெட்டியோடு வந்து சில மாதங்களில் போட்டு முடித்தார்கள், 1935இல் திறந்தது. மலையடிவாரத்தில் அவருக்குச் சிலை உண்டு. ஓட்டுநர்கள் அதைக் கடக்கும்போது கும்பிடுவதைக் கவனியுங்கள்.

நடக்கப் பிடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் சுத்தேப் சாலை முடியும் இடத்திலிருந்து பிக்குகளின் பாதையில் ஏறலாம். மரங்களில் காவித் துணி கட்டி வழி காட்டியிருப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் வாட் பா லாட். பாசி படிந்த சிலைகள், பாறையில் வழியும் ஓடை. ‘ஒரே ஒரு இடம் சொல்லு’ என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காலையில் ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கு மறுநாள் வழுக்கும்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை, ஆனால் இரண்டு சொல் கற்றுக்கொண்டு போக வேண்டும். ‘மாங்சவிராட்’ என்றால் இறைச்சி இல்லாதது. மாம்ச விரதி என்று பிரித்துப் பார்த்தால் மறக்காது. இதில் முட்டையும் பாலும் வரலாம். ‘ஜே’ என்பது இன்னும் கண்டிப்பானது: முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை. ‘கின் ஜே’ என்றால் ‘ஜே உண்கிறேன்’. ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும், பார்வைக்கு 17 என்ற எண் போலத் தெரியும். அந்தக் கொடியைக் கண்டால் கேள்வி கேட்காமல் உட்காரலாம்.

மற்ற கடைகளில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மீன் சாறு எல்லாவற்றிலும் விழும். கீரை வதக்கல்தானே என்று வாங்கினால் அதிலும் சிப்பிச் சாறு. பப்பாளிக்காய் சாலடில் காய்ந்த இறால், குழம்பு விழுதில் இறால் பசை. ‘மாய் சாய் நாம் ப்லா’, அதாவது மீன் சாறு போடாதீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள். அதற்கு மேலும் சுத்தம் பார்ப்பவர் ஜே கடையைத் தாண்டி வேறெங்கும் போகாமலிருப்பது மனநிம்மதி.

சிற்றுண்டியாக ஒட்டரிசியும் மாம்பழமும், சுட்ட வாழைப்பழம், தேங்காய்ப்பால் கொழுக்கட்டை வகைகள். சொம்பெட் சந்தையிலும் வரோரோட் சந்தையிலும் காலை உணவே இவற்றில் முடித்திருக்கிறேன்.

அசைவம் உண்பேன். எதை விடக்கூடாது?

காவ் சோய். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை. யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிவந்த முஸ்லிம் வணிகர்களின் கைமணம் இதில் இருக்கிறது. நைட் பஜாரை ஒட்டிய பான் ஹோ பள்ளிவாசல் சந்தில் ஹலால் கடைகள் உண்டு. ஒரு கிண்ணம் 50 முதல் 80 பாட். மூலிகை நெடியடிக்கும் சாய் உவா என்ற வடதாய்லாந்துத் தொத்திறைச்சியைச் சந்தையில் சூடாக வாங்குங்கள்.

தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் வேடிக்கை பார்ப்பார்களா?

மாட்டார்கள். ஒரே தட்டில் சோறும் கறியும் வரும் சாப்பாட்டுக்கு அங்கே ‘ஆஹான் ஜான் தியாவ்’, ஒற்றைத் தட்டு உணவு என்று பெயரே இருக்கிறது. ஆஹான் என்பது நம் ஆகாரம்தான். அலுவலகத்துக்குப் போகிற பாதி ஊர் தனியாக உட்கார்ந்து இதைத்தான் சாப்பிடுகிறது. நடனத்தோடு பரிமாறும் கன்தோக் விருந்து மட்டும் வேண்டாம். வட்ட மேசையைச் சுற்றி உட்காரக் குறைந்தது நான்கு பேராவது வேண்டும்.

யானை?

சவாரி உள்ள இடத்துக்குப் போகாதீர்கள். ஓவியம் வரையும், பந்து விளையாடும் யானை உள்ள இடத்துக்கும் போகாதீர்கள். அந்தப் பழக்கம் அடியால் வருவது. மே டேங் பகுதியில் மீட்ட யானைகளைச் சும்மா மேயவிட்டு, தள்ளி நின்று பார்க்கவிடும் இடங்கள் உண்டு. ஒரு நாளுக்கு 2,500 பாட் வரை ஆகும். ஆளுக்கு இவ்வளவு என்பதால் தனியாகப் போவதில் கூடுதல் செலவில்லை.

தோய் இந்தனோன், சியாங் ராய் இரண்டையும் சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள். தோய் இந்தனோன் 2,565 மீட்டர், நாட்டிலேயே உயரம். போக இரண்டு மணி நேரம். குழுச் சுற்றுலாவில் சேர்ந்தால் ஒரு நாளில் நிம்மதியாகப் பார்த்துவரலாம். தனிக் கார் எடுத்தால் செலவு முழுதும் உங்கள் தலையில். பூங்கா நுழைவு வெளிநாட்டவருக்கு 300 பாட். டிசம்பர், ஜனவரியில் கம்பளிச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள்.

சியாங் ராயின் வெள்ளைக் கோயில் அழகு, ஓவியர் சலெர்ம்சாய் கோசித்பிபட் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார். ஆனால் போக மூன்று மணி, வர மூன்று மணி. நான்கு நாளில் ஒன்றை வேனுக்குள் கழிக்க வேண்டுமா? அந்த ஊருக்கு இன்னொரு முறை தனியாகவே போங்கள்.

பெண் தனியாக இரவில் நடக்கலாமா?

பழைய நகரத்துக்குள் இரவு பத்து, பத்தரை வரை நடந்திருக்கிறேன். யாரும் பின்தொடரவில்லை, உற்றுப் பார்க்கவில்லை. பயமுறுத்தியது தெருநாய்கள்தான். அதற்குப் பிறகு சந்துகள் வெறிச்சோடிவிடும், செயலியில் வண்டி அழைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155. ஆம்புலன்ஸ் 1669.

மசாஜ் போகலாமா, சங்கடமாக இருக்குமா?

ராச்சவிதி சாலையில் பெண்கள் சிறையின் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. விடுதலைக் காலம் நெருங்கிய பெண்கள் பயிற்சி பெற்று மசாஜ் செய்கிறார்கள். தளர்ந்த பருத்தி உடை தருவார்கள், வெளிச்சமான கூடத்தில் வரிசையாக மெத்தை. முதல் முறை போகிறவருக்கு இதைவிடக் கூச்சமில்லாத இடம் கிடையாது. முன்பதிவுக்குக் காலையிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். மணிக்கு 250, 300 பாட்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விமானமும் யானையும் தவிர்த்து, தனியறை எடுத்தால் நாளுக்கு 1,500 முதல் 2,000 பாட். பாட்டின் மதிப்பு இரண்டரை முதல் மூன்று ரூபாய்க்குள் ஊசலாடுகிறது. வெளிநாட்டு அட்டையில் பணம் எடுத்தால் ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே முறை பெரிதாக எடுங்கள். சந்தையிலும் சிவப்பு வண்டியிலும் ரொக்கம்தான்.

நான்காம் நாள் தனிமை உறுத்தினால்?

உறுத்தும். பெரும்பாலும் இரண்டாம் நாள் மாலையே. வாட் செடி லுவாங் வளாகத்தில் மர நிழலில் மேசை போட்டு இளம் பிக்குகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் பழக வேண்டும், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பெண்கள் ஒரு கை தள்ளி உட்கார வேண்டும், அவ்வளவுதான். என் எதிரில் இருந்தவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும். நிர்வாணம், மறுபிறப்பு என்று கேட்க நான் கேள்விகளோடு போயிருந்தேன். அவர் முதலில் கேட்டது ‘கின் காவ் ரூ யாங்?’ சோறு சாப்பிட்டாயிற்றா என்று பொருள். தாய் மொழியில் வணக்கம்போல அதைத்தான் கேட்கிறார்கள். ‘கின் லேவ்’, சாப்பிட்டாயிற்று என்று சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள்.